பின்னால் ஆளே இல்லையே

லைசன்ஸ் சோதனை எடுக்கும் ஜேபிஜே ஆபிசர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது சிக்னல் போடாத பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. கை நடுங்கும், கிளட்ச்சை விடத் தெரியாமல் வண்டி துள்ளும், மூன்றாவது கியருக்குப் பதில் முதல் கியர் விழும். ஆனால் சிக்னல் தவறாது. சந்திக்கு வெகு தூரம் முன்பே போட்டுவிட்டு, ஆபிசர் கவனித்தாரா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை வேறு. அதே பிள்ளை சோதனையில் தேறி, சிவப்பில் வெள்ளை எழுத்து 'பி' ஸ்டிக்கர் ஒட்டிய சில நாளிலேயே மஸ்ஜித் தானா கடைத்தெருவில் சிக்னல் போடாமல் எனக்கு முன்னால் வெட்டித் திரும்பும். கண்ணாடியை இறக்கி, "அங்கிள், நல்லா இருக்கீங்களா?" என்று சிரித்துக்கொண்டு கையும் காட்டும். கை காட்டத் தெரிகிறது, அதைத் திரும்புவதற்கு முன்னால் காட்டத்தான் தெரியவில்லை.

லூபோக் சீனாவையும் சுற்றியிருந்த தோட்டங்களையும் நம்பி ஓடியது என் பிழைப்பு. முதலில் லோரி, அப்புறம் கார் ஓட்டச் சொல்லித்தரும் வேலை. ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மலாக்கா மாநிலத்தின் வடமேற்கு ஓரம், அலோர் காஜா மாவட்டம். லிங்கி ஆற்றைத் தாண்டினால் நெகிரி செம்பிலான். மலாக்காவிலிருந்து சுங்கை ஊடாங், மஸ்ஜித் தானா வழியாகப் போர்ட்டிக்சன் போகும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலைதான் எங்களுக்குப் பெரிய ரோடு. பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம். அதில்தான் செம்பனைக் குலை ஏற்றிய லோரியும் போகணும், பள்ளிக்கூட வேனும் போகணும், விடியற்காலையில் தொழிற்சாலை பஸ்ஸும் போகணும். சனி, ஞாயிறு வந்தால் பெங்காலான் பாலாக் கடற்கரைக்கு அவசரமாக வரும் கோலாலம்பூர்க் கார்கள் வேறு. வழி தெரியாமல் சிம்பாங், அதாவது சந்தி, வந்த பிறகுதான் பிரேக் மிதிப்பார்கள். இவ்வளவுக்கும் நடுவில் கப்சாய் மோட்டார் சைக்கிள்கள்.

லோரியில் நான் முதலில் ஏறியது கெலிண்டானாக, டிரைவருக்கு உதவியாளாகத்தான். அந்தக் காலத்துப் பழைய லோரிகளில் சிக்னல் விளக்கு எரிந்தால் அதிசயம். வலப்பக்கம் திரும்ப டிரைவர் கையை நேராக வெளியே நீட்டுவார். வேகம் குறைக்கிறார் என்றால் உள்ளங்கை கீழே பார்க்க, கையை மேலும் கீழும் அசைப்பார். இடப்பக்கம் திரும்புவதற்கு அவர் கை எட்டாது என்பதால் இந்தப் பக்கக் கதவிலிருந்து நான் நீட்டணும். எனக்கு வாய்த்த டிரைவர் அண்ணன் ஒரு பாடம் சொல்லி வைத்திருந்தார். "கைய நீட்டுனா வேல முடிஞ்சிருச்சின்னு நெனைக்காதடா. பின்னால வர்றவன் மூஞ்சியப் பாரு. அவன் வேகத்தக் கொறைச்சாத்தான் பாத்துட்டான்னு அர்த்தம். இல்லன்னா என்கிட்ட சொல்லு, நான் நேராப் போயிடறேன்." அப்படியே பல தடவை நேராகப் போய், அடுத்த சிம்பாங்கில் திரும்பி வந்திருக்கிறோம். நான் பிற்பாடு சொல்லிக் கொடுத்த பாடமெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வந்ததுதான். சிக்னல் போடுவது பாதி வேலை. அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது மீதி.

அதற்கும் முன்னால், நான் சின்னப் பையனாக இருந்தபோது, எங்கள் தோட்டத்துக்கு ஒரு மோரிஸ் மைனர் வந்துபோகும். திரும்பும்போது கதவுக்குப் பின்பக்கத் தூணிலிருந்து சின்னதாக ஒரு கை வெளியே எழும்பி, உள்ளுக்குள் ஆரஞ்சு விளக்கு எரியும். பால்மரத்தடியில் விளையாடிக்கொண்டிருக்கும் நாங்கள் அதைப் பார்க்க ஓடுவோம். சில நேரம் அந்தக் கை மாட்டிக்கொண்டு எழும்பாது. உள்ளிருந்து தூணை ஓங்கித் தட்டினால் சட்டென்று வெளியே வரும். 1961-இல் அந்த மாடலிலும் கை போய் மினுக்கும் விளக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் ப்யூக் கார் 1939-லேயே அதைக் கொண்டுவந்திருந்தது. இத்தனை காலம் ஆகியும் ஒரு விரலால் தட்டினால் போதும் என்கிற வேலைக்குத்தான் நமக்கு இவ்வளவு தயக்கம்.

ஏன் போடுவதில்லை என்று என்னிடம் படித்துப் போன பையன்களையே கேட்டிருக்கிறேன். சோம்பேறித்தனம் என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். அவர்கள் சொன்னது வேறு. "போட்டா விட மாட்டானுங்க அங்கிள்." சிம்பாங் அம்பாட்டில் ஏறி வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கள், அவர்கள் சொல்வது உண்மை என்று தெரியும். வலது தடத்துக்கு மாற சிக்னல் போட்டதுமே, அதுவரை சாவகாசமாக வந்துகொண்டிருந்தவர் எண்ணெயை மிதித்து இடைவெளியை அடைப்பார். தன் இடத்தைப் பிடுங்க வருகிறான் என்ற எண்ணம் அவருக்கு. அதனால் முன்னால் போகிறவன் சொல்லாமல் கொள்ளாமல் நுழையக் கற்றுக்கொள்கிறான். இடம் விடாதவன்தான் சிக்னல் போடாதவனை உருவாக்குகிறான். ரோட்டில் நடக்கும் பாதி சண்டைக்கு மூலம் இதுதான் என்பது என் கணக்கு.

இதற்கு நேர் எதிரான ஆளும் உண்டு. சிக்னலைத் தட்டிவிட்டால் ரோடு தனக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்று நினைப்பவர். முதல் மினுக்கும் ஸ்டீயரிங் திருப்பலும் ஒரே நேரம். இடித்துவிட்டால், "நான்தான் சிக்னல் போட்டேனே" என்பார். இவரைவிடப் போடாதவரே தேவலை என்று சில நேரம் எனக்குத் தோன்றும். போடாதவரைப் பார்த்தாவது நாம் பயந்து ஒதுங்குவோம்.

கூட்டரசுச் சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் போகும். சிக்னல் விளக்கு நிமிடத்துக்கு 60-லிருந்து 120 தடவை வரை மினுக்கணும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட கணக்கு. நடுவாக 90 என்று வைத்தால், ஒரு தடவை எரிந்து அணைவதற்குள் பின்னால் வருபவர் 16, 17 மீட்டர் ஓடிவந்துவிடுவார். அவர் கண் அதைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக இன்னும் ஒன்று, ஒன்றரை விநாடி ஆகும். அதனால் என் பிள்ளைகளிடம் திரும்புவதற்கு முன்னால் குறைந்தது மூன்று விநாடி, பெரிய ரோட்டில் அதற்கும் மேலே என்று சொல்வேன். கண்ணாடி, சிக்னல், மறுபடி கண்ணாடி, தோள்மேல் ஒரு பார்வை, அப்புறம்தான் ஸ்டீயரிங். நடுவில் வரும் அந்த 'மறுபடி கண்ணாடி'யைத்தான் எல்லாரும் விழுங்கிவிடுவார்கள். டிரைவர் அண்ணன் மூஞ்சியைப் பார் என்று சொன்னது அதைத்தான்.

எங்கள் பக்கத்தில் அதிகம் அடிபடும் இடம், பெரிய ரோட்டிலிருந்து வலப்பக்கம் தோட்டத்துச் செம்மண் பாதைக்குத் திரும்பும் சிம்பாங். எதிரே வண்டி வருகிறது, அதனால் நீங்கள் ரோட்டு நடுவில் வேகத்தைக் குறைக்கிறீர்கள். சிக்னல் இல்லை. பின்னால் வருபவருக்கு நீங்கள் ஏதோ மெதுவாகப் போகும் கார். எதிர்வண்டி போனதும் முந்த வலப்பக்கம் ஏறுகிறார். அந்த நேரம் பார்த்து நீங்கள் வலப்பக்கம் ஒடிக்கிறீர்கள். இதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை. முந்துகிறவர் கப்சாயில் வந்தால் அவருக்குத் தப்பிக்கவே வழியில்லை.

தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு அக்கா என்னிடம் படிக்க வந்தார். லயத்து வீட்டிலிருந்து தாமான் வீட்டுக்குக் குடிவந்தவர். பஸ்ஸை நம்பி நம்பி அலுத்துப்போய் நாற்பதுக்கு மேல் லைசன்ஸ் எடுக்கத் துணிந்தார். பயிற்சி வண்டி கன்சில் கார். கைப்பிடிப்பு நல்ல பதம், அவசரம் கிடையாது. சிக்னல் மட்டும் சொன்னால்தான் வரும். ஒருநாள் நிறுத்திக் கேட்டே விட்டார். "பின்னால ஆளே இல்லையே அண்ணே, யாருக்குப் போடச் சொல்றீங்க?"

நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் உயர்நிலைப் பயிற்சி தருகிறவர்களில் ஒரு சாரார் இதையேதான் சொல்கிறார்கள்: சிக்னலால் யாருக்காவது பயன் இருந்தால் போடு, யாருமே இல்லையென்றால் வேண்டாம், அப்போதுதான் ஓட்டுகிறவன் சுற்றிலும் பார்ப்பான் என்று. நல்ல யோசனை. நம் ஊருக்கு ஆகாது. யாரும் இல்லை என்று முடிவு செய்ய முதலில் முழுதாகப் பார்த்திருக்கணும். நம் ஆட்கள் பார்க்காமலேயே அந்த முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

அக்காவை ரோட்டோரம் காரை நிறுத்தச் சொன்னேன். அந்த வழியாகக் கப்சாயில் வந்த தெரிந்த பையனைக் கூப்பிட்டு, காரின் வலப்பக்கம், முன்கதவுக்குச் சற்றே பின்னால் நிறுத்தினேன். அக்கா ஓட்டுநர் சீட்டில்தான் இருந்தார். "கண்ணாடியில ஆள் தெரியுதா?" நடுக்கண்ணாடியைப் பார்த்தார், பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். "இல்ல அண்ணே, அந்தப் பையன் போயிட்டானா?" "இப்ப தலையத் திருப்பிப் பாரு." திரும்பினார். கையை நீட்டினால் ஹெல்மெட்டைத் தொடும் தூரத்தில் பையன் இளித்துக்கொண்டு நின்றான். "ஐயோ சாமி!" என்று அவர் போட்ட சத்தத்துக்கு எதிர்க்கடைச் சீனப் பெரியவர் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த அக்காவுக்கு நான் சிக்னல் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆளில்லாத திடலில் ரிவர்ஸ் எடுக்கும்போதுகூடப் போட்டார்.

நம் நாட்டுச் சாலைகளில் 2019-இல் மட்டும் 6,167 பேர் செத்தார்கள். அண்மை ஆண்டுகளில் சாகிறவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தான். கண்ணுக்குப் படாததால் அடிபடுகிறார்கள் என்பது தெரிந்துதான் 1992-லேயே மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் ஹெட்லைட் போடணும் என்று சட்டம் வந்தது. பகல் வெயிலில் எதற்கு விளக்கு என்று அன்றைக்குக் காப்பிக் கடையில் கேலி பேசினார்கள். பிறகு நடந்த ஆய்வில், கண்ணுக்குப் படாததால் நேரும் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். கப்சாய்க்காரர் தன் பங்குக்கு விளக்கைப் போட்டுவிட்டார். கார்க்காரர் பங்கு பாக்கி இருக்கிறது.

கப்சாய்க்காரர்களைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்களுடைய கோளாறு வேறு தினுசு. காரில் ஸ்டீயரிங் நேராகத் திரும்பும்போது உள்ளே இருக்கும் ஒரு சின்ன முனை சிக்னல் கம்பியைத் தட்டி அணைத்துவிடும். கப்சாயில் அது கிடையாது, கட்டைவிரலால்தான் அணைக்கணும். லூபோக் சீனாவில் போட்ட வலது சிக்னல் மஸ்ஜித் தானா வரைக்கும் மினுக்கிக்கொண்டே போகும். எதிரே சிம்பாங்கில் நிற்பவர் அதை நம்பி வெளியே வந்தால் தீர்ந்தது. காரிலும் தடம் மாறும்போது ஸ்டீயரிங் கொஞ்சமே அசைவதால் பல நேரம் தானாக அணையாது. அதனால் அடுத்தவர் சிக்னலைப் பார்க்காதே, முன்சக்கரத்தைப் பார் என்று சொல்லித் தருவேன். சக்கரம் பொய் சொல்லாது.

மலேசியக்காரர்களுக்குத்தான் இந்த வியாதி என்று நாமே நம்மைத் திட்டிக்கொள்வோம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ரிச்சர்ட் போன்சியானி என்ற பொறியாளர் 12,000 வண்டிகளைக் கவனித்து 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். தடம் மாறும்போது 48 விழுக்காட்டினர் சிக்னல் போடுவதில்லை, அல்லது போட்டதை அணைப்பதில்லை. திரும்பும்போது 25 விழுக்காட்டினர் அப்படி. பணக்கார நாடு, அகலமான ரோடு, அங்கேயும் இதே கதை.

லோரி ஓட்டியவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லணும். இந்தக் கூட்டரசுச் சாலைகளில் லோரிக்காரர்களுக்கென்று ஒரு பாஷை உண்டு. பின்னால் முந்தத் துடிக்கும் காருக்கு, எதிரே வண்டி வருகிறது, ஏறாதே என்று சொல்ல வலது சிக்னல் போடுவோம். ரோடு காலி, போய்க்கோ என்றால் இடது சிக்னல். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எத்தனையோ குடும்பத்தை வீடு சேர்த்திருக்கிறது. ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. லோரி நிஜமாகவே இடப்பக்கம் தோட்டத்துக்குள் திரும்பப் போகிறது என்றாலும் இடது சிக்னல்தான். பெரிய லோரி இடப்பக்கம் திரும்பணுமானால், பின்சக்கரம் வரப்பில் ஏறாமலிருக்க முதலில் வலப்பக்கம் கொஞ்சம் விரிந்துதான் திரும்பும். 'போய்க்கோ' என்று புரிந்துகொண்டு ஏறியவர் அந்த விரிப்பில் மாட்டிக்கொள்வார். தமிழ்நாட்டுப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போனபோது, அங்கே பல லாரிக்காரர்கள் வலது சிக்னல் போட்டு 'முந்திக்கொள்' என்று சொல்வதைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே விளக்கு, நேர் எதிர் செய்தி. அதனால் லோரி சிக்னலைத் தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முந்துவதா என்ற முடிவை உங்கள் கண்ணுக்கு விடுங்கள்.

மழை வந்தால் கதை இன்னும் மோசம். எங்கள் பக்கம் சாயங்கால மழை கொட்டினால் ஐந்தடிக்கு முன்னால் தெரியாது. உடனே எல்லாரும் டபுள் சிக்னல் போட்டுவிடுவார்கள். நான்கு மூலையும் மினுக்கினால் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை. நின்றுபோன வண்டிக்கும் ஆபத்தான நிலையில் இருக்கும் வண்டிக்கும் உள்ள விளக்கு அது. ஓடிக்கொண்டிருக்கும்போது டபுள் சிக்னல் போட்டால் நீங்கள் இடப்பக்கம் போகிறீர்களா வலப்பக்கம் போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரிய வழியே இல்லை. பல வண்டிகளில் அது எரியும்போது சிக்னல் கம்பியை அசைத்தாலும் ஒன்றும் ஆகாது. நிற்கிறீர்களா, ஓடுகிறீர்களா என்பதும் குழப்பம். மழைக்கு ஹெட்லைட் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள், போதும். கல்யாண ஊர்வலத்துக்கும், நாசி லெமாக் வாங்கக் கடை முன்னால் இரண்டாவது வரிசையில் நிறுத்திவிட்டு இறங்குவதற்கும் டபுள் சிக்னல் போடுகிற நம் பழக்கத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகும்.

போலீஸ் பிடிக்கட்டும், சம்மன் போடட்டும் என்பார்கள். 1959-இல் எழுதிய சாலைப் போக்குவரத்து விதிகளும் 1987-ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றைக்கும் கையில்தான் இருக்கின்றன. ஆனால் சிவப்பு விளக்கில் நிற்காதவரைக் கேமரா பிடிக்கும். தோட்டத்துச் சிம்பாங்கில் சிக்னல் போடாதவரை யார் பிடிப்பது? ஓட்டுநர் பள்ளியில் சொல்லித் தருவதும் குறைவு. கணினியில் 50 கேள்வி, 42 சரியாக வந்தால் தேர்ச்சி. அப்புறம் திடலில் மேடு ஏற்றணும், பார்க்கிங் போடணும், மூன்று முனையில் திருப்பணும். மணிக்கணக்காகப் பயிற்சி எல்லாம் இதற்குத்தான். பேக்கேஜுக்குப் பணம் கட்டும் பெற்றோர் என்னைக் கேட்டது, "எப்ப பாஸ் ஆவான்?" என்றுதான். "எப்படி ஓட்டுறான்?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிக் கேட்டவர்களில் பாதிப்பேர் லோரி ஓட்டியவர்கள்.

கடைசியாக, சிக்னல் போட்டும் போடாதவர் ஆகிவிட்ட அப்பாவிகளைப் பற்றி. பழைய வண்டிகளில் சிக்னல் ரிலேக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய பட்டை ஒன்று இருக்கும். 21 வாட் பல்புகள் இழுக்கும் மின்சாரத்தில் அது சூடாகி வளைந்து, ஆறி, மறுபடி வளைந்து விளக்கை மினுக்க வைக்கும். ஒரு பல்பு போனால் மினுக்கம் மந்தமாகும், அல்லது விளக்கு எரிந்தபடியே நிற்கும். இப்போதைய மின்னணு ரிலேயில் பல்பு போனால் மினுக்கம் இரண்டு மடங்கு வேகமாகும். டேஷ்போர்டில் அந்த 'டிக் டிக்' திடீரென்று அவசரப்பட்டால் எங்கேயோ ஒரு பல்பு போய்விட்டது என்று அர்த்தம். பாட்டுச் சத்தத்தில் அது பலருக்குக் கேட்பதில்லை. இளம்பிள்ளைகள் அசல் சிக்னலைக் கழற்றிவிட்டு விரல் நகம் அளவுக்கு எல்இடி மாட்டிக்கொள்கிறார்கள். அது வெயிலில் தெரியவே தெரியாது. தோட்டத்து டிராக்டர் ட்ரெய்லர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பலவற்றில் பின்னால் விளக்கென்று ஒன்றே இருக்காது. அதில் போகிறவர்கள் இன்றைக்கும் கையை நீட்டித்தான் திரும்புகிறார்கள். காரில் போகும் நம்மைவிட அவர்கள் ஒழுங்காக நீட்டுகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புமுன் டயருக்குக் காற்றும் ரேடியேட்டருக்குத் தண்ணீரும் பார்ப்பீர்கள். அத்தோடு வீட்டில் ஒருவரை வண்டிக்குப் பின்னால் நிறுத்தி, இடது சிக்னல், வலது சிக்னல், பிரேக் விளக்கு மூன்றையும் போட்டு, எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல்பு சில வெள்ளிதான், எந்தப் பட்டறையிலும் ஐந்து நிமிடத்தில் மாற்றித் தருவார்கள்.